புள்ளி இருந்த இடமும் வண்டி இருந்த இடமும்

இன்று காலை அரும்பாவூரைத் தாண்டி, மலையடிவாரத்தில் வேனை நிறுத்திப் பின்கதவைத் திறந்தபோது அந்த வாசனை வந்தது. பூ எடுத்த மக்காச்சோளத்தின் வாசனை. விடியலில் தூறியிருந்ததால் மண் ஈரமாக இருந்தது. பச்சை மாவும் சேறும் கலந்தது போன்ற அந்த வாசனை உனக்குத் தெரியும். தானாக ஓடி மருந்தடிக்கும் நம் வண்டியை இறக்கச் சாய்வுப் பலகையைப் போட்டுவிட்டு அதன்மேல் ஒரு காலை வைத்தபடி அப்படியே நின்றேன். கௌசல்யா பக்கத்தில் வந்து, "என்னக்கா, உடம்புக்கு முடியலையா?" என்றாள். நீ அவளைப் பார்த்ததில்லை. துறையூர்க்காரி, இந்த வருஷம்தான் நம்மோடு சேர்ந்தாள். நன்றாக வேலை தெரிந்தவள். ஒன்றுமில்லை என்று சொல்லி வண்டியின் கயிற்றை அவிழ்த்தேன்.

நீ போன பிறகு நான் மக்காச்சோளத்தில் வண்டி விடவில்லை. பருத்தியில் விட்டேன், கடலையில் விட்டேன், செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயத்தில்கூட விட்டேன். எல்லாம் முழங்கால் அளவுப் பயிர். வரப்பில் நின்றால் வண்டி கண்ணுக்குத் தெரியும். சோளக்காரர்கள் கூப்பிட்டால் வேறு வேலை இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். பழனிவேல் அண்ணன் மட்டும்தான் ஏன் என்று கேட்காமல் சரி என்று போனை வைத்துவிடுவார். அவருக்குக் காரணம் தெரியும். இன்றைக்கு வரச் சொன்னவர் அவருடைய மைத்துனர். படைப்புழு குருத்துக்குள் இறங்கிவிட்டது, மருந்தடிக்க ஆள் கிடைக்கவில்லை என்றார். மறுக்க வாய் வரவில்லை.

இதையெல்லாம் உனக்கு எழுதுவதில் அர்த்தம் இல்லை என்று தெரியும். ஆனாலும் இந்தப் பயத்தை யாரிடம் சொன்னாலும் முதலிலிருந்து விளக்க வேண்டியிருக்கிறது. உனக்கு விளக்க வேண்டியதில்லை. முதலில் பயந்தவள் நீதான்.

கல்லூரியில் நாம் செய்த முதல் வண்டி நினைவிருக்கிறதா? பிரியாணி டப்பாவுக்குச் சக்கரம் வைத்தது போல இருக்கும். சக்கரம் எத்தனை முறை சுற்றியது என்று எண்ணி, எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்று அது தானே கணக்குப் போடும். தாழ்வாரத்தில் விட்டோம். அன்று அப்போதுதான் தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். சக்கரம் ஈரத்தில் வழுக்கி நின்ற இடத்திலேயே சுற்றியது. வண்டி ஆய்வகக் கதவருகே நின்றுகொண்டு, நான் நூலகத்துக்கு வந்துவிட்டேன் என்று திரையில் காட்டியது. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நீ குனிந்து அந்தச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். பொய் சொல்லுது பாருடி என்று நான் சொன்னதற்கு, "பொய் சொல்லலடி. அதுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்" என்றாய்.

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு வண்டியிலும் ஒவ்வொரு புலனாகச் சேர்த்தோம். எந்தப் பக்கம் திரும்பினோம் என்று உணர்கிற சின்ன மின்னணுச் சில்லு. வானத்துச் செயற்கைக்கோள்களைக் கேட்டு இடம் சொல்கிற ஆன்டெனா. முன்னால் ஒரு கேமரா. எதையும் முழுக்க நம்ப முடியாது. சக்கரம் வழுக்கும். திரும்புவதை உணர்கிற சில்லு கொஞ்சம் கொஞ்சமாகத் தவறும்; அந்தக் கொஞ்சம் சேர்ந்துகொண்டே போகும். பயிர் தலைக்கு மேல் வளர்ந்துவிட்டால் வானம் சரியாகக் கேட்காது. எல்லாவற்றையும் கேட்டு, யார் சொல்வது எவ்வளவு உண்மையாக இருக்கும் என்று எடைபோட்டு, வண்டி தன் இடத்தை ஊகிக்கும். திரையில் அந்த ஊகம் ஒரு புள்ளி. புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம். வண்டிக்குச் சந்தேகம் கூடினால் வட்டம் பெரிதாகும், சந்தேகம் தீர்ந்தால் சின்னதாகிப் பச்சை நிறம் காட்டும்.

பார்க்கிற எல்லோருக்கும் அந்தப் பச்சை பிடிக்கும். உனக்குப் பிடிக்காது. வட்டம் பெரிதானால் நீ நிம்மதியாக இருப்பாய், சின்னதானால் நகத்தைக் கடிக்க ஆரம்பிப்பாய். ஒருமுறை பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டில், உன் ஊர்ப் பஸ்ஸுக்காக நின்றபோது கேட்டேன், எல்லோருக்கும் தலைகீழாக உனக்கு ஏன் இப்படி என்று. "அதுக்குச் சந்தேகம் இருக்கறப்ப அது மெதுவாப் போவும், நாமளும் பாத்துக்கிட்டு இருப்போம். அது நிச்சயமா இருக்கறப்ப யாருமே பாக்க மாட்டோம்டி. அதான் பயம்" என்றாய். ஜெயங்கொண்டம் பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாய். நான் அதை உன் சுபாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

உன் அப்பா முந்திரிக்கு மருந்தடித்துவிட்டு வந்து வாசலில் மயங்கி விழுந்ததைச் சொல்லும்போதும் நீ அப்படித்தான் சொன்னாய். அன்றைக்குக் காலையில் அவருக்கு உடம்பு நன்றாக இருந்ததாம். காற்று அவர்மேல் படாமல் அந்தப் பக்கம் அடித்ததாம், முகத்தில் துண்டு கட்டியிருந்தாராம். எல்லாம் சரியாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் பிழைத்தார். ஆனால் மருந்தடிக்க மனுஷன் போகக் கூடாது, வண்டி போக வேண்டும் என்று நீ பிடித்த பிடி அன்றைக்குப் பிடித்ததுதான்.

குன்னம் பக்கம் பழனிவேல் அண்ணன் சோளக்காட்டில் நடந்ததை இதுவரை நான் யாரிடமும் முழுதாகச் சொல்லவில்லை. சொல்ல ஆரம்பித்தால் கிணற்றடிக்கு வந்ததும் நின்றுவிடுவேன்.

கரிசல் காடு. மழைக்குப் பிறகு சக்கரம் சேற்றில் வழுக்கும் என்பதால், வண்டி சக்கரத்தைவிட வானத்தையே அதிகம் நம்பும்படி வைத்திருந்தோம். வானம் சொல்வது சில அடி முன்னே பின்னே இருக்கும் அல்லவா? அதைத் திருத்த வரப்போரம் மூன்று கால் ஸ்டாண்டு ஒன்றை நிறுத்தி, அதன் தலையில் இன்னொரு ஆன்டெனா வைத்திருந்தோம். அதன் வேலை அசையாமல் நிற்பது மட்டும்தான். நான் இங்கேயே இருக்கிறேன், என்னை வைத்து உன்னைச் சரிபார்த்துக்கொள் என்று அது வண்டிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

காட்டின் மேற்குப் பக்கம் கிணறு. அந்தப் பக்கத்துக் கிணறுகளை உனக்கு முதல்முறை காட்டியபோது நீ பின்வாங்கி நின்றது ஞாபகம் இருக்கிறது. பாறையை வெட்டி இறக்கிய பெரிய சதுரக் கிணறு. கைப்பிடிச் சுவர் கிடையாது. புல்லும் சோளமும் விளிம்புவரை வளர்ந்து, தரை எங்கே முடிகிறது என்றே தெரியாது. வண்டிக்குக் கொடுத்த வரைபடத்தில் கிணற்றைச் சுற்றித் தாராளமாக இடம் விட்டுச் சிவப்புக் கோடு போட்டிருந்தாய். முதல் ஓட்டம் வெறும் தண்ணீரோடுதான் என்றும் சொல்லிவிட்டாய். பழனிவேல் அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. புழு தின்றுகொண்டிருக்கும்போது தண்ணீர் தெளித்து வேடிக்கை பார்ப்பதா என்றார். நீ அசையவில்லை.

காலை வெயில் ஏறியிருந்தது. நான் வேப்பமரத்தடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன். வண்டியை நிறுத்தும் சிவப்புப் பொத்தான் என் கையில் இருந்தது. நீ வரப்பில் நடந்துகொண்டிருந்தாய். வண்டி சோளத்துக்குள் போய்விட்டது, அதன் மோட்டார் முனகல் மட்டும் கேட்டது. புள்ளி வரிசையோடு தெற்கே போனது. வட்டம் சின்னதாக, பச்சையாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் புள்ளி ஒருமுறை துள்ளியது. தன் கோட்டைவிட்டுக் கிழக்கே விலகித் தெரிந்து, பிறகு நிதானமாகத் தன் கோட்டுக்கே திரும்பி வந்தது. வட்டம் பச்சையாகவே இருந்தது. சேற்றில் கொஞ்சம் சறுக்கிவிட்டுச் சரிசெய்துகொண்டது என்று நினைத்தேன். யார் பார்த்திருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

நீ நடப்பதை நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டாய். பிறகுதான் எனக்கும் கேட்டது. சோளத்தட்டை ஒடியும் சத்தம். வரிசைக்கு நடுவில் போகிற வண்டி தட்டையை ஒடிக்காது. ஒன்றன்பின் ஒன்றாக, நிதானமாக, மளக் மளக் என்று ஒடிந்துகொண்டே போனது. நீ என்னைத் திரும்பிப் பார்த்து, "எங்க இருக்கு?" என்றாய். கோட்டுமேலதான் இருக்கு, பச்சைதான் என்றேன். உன் முகம் மாறியதை நான் இன்னும் பார்க்கிறேன். காட்டில் தண்ணீர் பாய்ச்சும் செல்வி அக்கா மோட்டார் போடக் கிணற்றடிக்குப் போயிருக்கிறார் என்று உனக்குத் தெரிந்திருந்தது. உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார். நீ செருப்பை உதறிவிட்டுச் சோளத்துக்குள் ஓடினாய். "நிறுத்துடி" என்ற சத்தம் மட்டும் உள்ளேயிருந்து வந்தது.

பொத்தானை அழுத்தினேன். மோட்டார் நின்றது.

அதன் பிறகு வந்த அமைதி எனக்குப் பழகவே இல்லை. ஒரு குருவிகூடக் கத்தவில்லை. உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். பதில் இல்லை. இன்னும் பலமாகக் கூப்பிட்டேன். சோளத்தட்டைகளின் தலைகள் மட்டும் மேலே அசைந்தன, அதுவும் காற்றுக்குத்தான். நான் உள்ளே நுழைந்தேன். இலைகள் கையை அறுத்தன. பூத்தூள் கண்ணில் விழுந்தது. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே பச்சை. சில எட்டுகளிலேயே வேப்பமரம் எந்தப் பக்கம் என்பது மறந்துவிட்டது. ஒடிந்து கிடந்த தட்டைகள்தான் வழி காட்டின. அவை வரிசைகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு மேற்கே போய், பிறகு தெற்கே திரும்பின.

அந்த வழியின் முடிவில் வண்டி நின்றது. முன்சக்கரம் இரண்டும் காற்றில் இருந்தன. அடியில் கிணறு. விளிம்பு மண் பொலபொலவென்று உதிர்ந்துகொண்டிருந்தது. கீழே, வெகு கீழே, தண்ணீரில் வளையங்கள் விரிந்துகொண்டிருந்தன. நீ அங்கே இல்லை.

அந்த நேரத்தை என்னால் அளக்க முடியாது. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். குதிக்க வேண்டும் என்று நினைத்தேன், எனக்கு நீந்தத் தெரியாது என்பதும் நினைவுக்கு வந்தது. உன் அம்மாவிடம் என்ன சொல்வேன் என்பதுவரை மனசு போய்விட்டது.

மோட்டார் கொட்டகைக்குப் பின்னாலிருந்து யாரோ இருமினார்கள்.

நீ தரையில் கிடந்தாய். செல்வி அக்காவை இரண்டு கையாலும் இடுப்போடு கட்டிக்கொண்டிருந்தாய். அவர் விளிம்பில் குனிந்து குழாயில் சிக்கிய புல்லை இழுத்துக்கொண்டிருந்தாராம். முதுகுக்குப் பின்னால் வண்டி வருவது தெரியவில்லை. நீ ஓடிவந்த வேகத்தில் அவரைத் தள்ளிக்கொண்டு போய் விழுந்திருக்கிறாய். விழுந்ததில் உனக்கு மூச்சு அடைத்துவிட்டது. நான் கூப்பிட்டது கேட்டும் குரல் எழும்பவில்லை. தண்ணீரில் விழுந்தது மண்கட்டிதான். செல்வி அக்கா எழுந்து உட்கார்ந்து சேலையைத் தட்டிவிட்டு, உன்னையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தொங்கிக்கொண்டிருந்த வண்டியைப் பார்த்துவிட்டு அழ ஆரம்பித்தார்.

காரணத்தை அன்றே கண்டுபிடித்தாய். ஸ்டாண்டின் கால்கள் முதலில் ஊன்றியிருந்த குழிகள் ஈர மண்ணில் அப்படியே இருந்தன. ஸ்டாண்டு அவற்றிலிருந்து மேற்கே தள்ளி நின்றது. பழனிவேல் அண்ணனின் தம்பி முருகேசன் டிராக்டர் கொண்டுவந்தபோது அது வழியில் இருந்திருக்கிறது. பத்திரமாகத் தூக்கி, பத்திரமாக வைத்திருக்கிறார். திரையில் புள்ளி துள்ளியது அப்போதுதான். "ஒடஞ்சிடக் கூடாதேன்னு பாத்து பாத்துதான் வெச்சேங்க" என்று கை கட்டி நின்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஸ்டாண்டு தான் நகரவில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தது. வண்டி அதை நம்பி, தான்தான் கோட்டைவிட்டு விலகிவிட்டோம் என்று முடிவு செய்து, ஸ்டாண்டு நகர்ந்த அதே திசையில் அதே தூரம் நகர்ந்து, மீண்டும் நிச்சயமாகப் போய்க்கொண்டிருந்தது. சக்கரம் இல்லை இல்லை என்று சொல்லியிருக்கிறது. சக்கரத்தை நம்ப வேண்டாம் என்று ஏற்கெனவே வைத்திருந்தோம்.

நீ யார்மேலும் கோபப்படவில்லை. முருகேசன் அண்ணனுக்கு டீ வாங்கிக் கொடுத்தாய். வேனில் ஏறிய பிறகுதான் நகத்தைக் கடிக்க ஆரம்பித்தாய். பெரம்பலூர் வரும்வரை நிறுத்தவில்லை. உன் அம்மாவிடம் சொன்னபோது அவர் ஒன்றும் கேட்காமல் நம் இருவரையும் ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்கு அழைத்துப் போனார். மெழுகுவர்த்தி ஏற்றும்போது நீ மூன்று ஏற்றினாய். இரண்டு நமக்கு, ஒன்று செல்வி அக்காவுக்கு என்று புரிந்தது. எனக்கு அந்த வழக்கம் இல்லை. இருந்தும் அது அணையாமல் இருக்கிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அதன் பிறகு நீ செய்ததைச் சொல்கிறேன், நீ மறந்திருக்க மாட்டாய். காட்டின் மூலைகளிலும் கிணற்றைச் சுற்றியும் கம்பு நட்டு, கறுப்பும் வெள்ளையும் கட்டம் போட்ட பலகைகளை உயரத்தில் மாட்டினாய். வண்டிக்கும் ஒரு நீளக் கம்பு வைத்து அதன் உச்சியில் கேமராவை ஏற்றினாய். சோளத்துக்கு மேலாக அது அந்தப் பலகைகளைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். வானம் சொல்வதும், சக்கரம் சொல்வதும், கண் பார்ப்பதும் ஒத்துப்போக வேண்டும். ஒன்று முரண்பட்டாலும் வண்டி நின்றுவிட வேண்டும். செல்வி அக்கா பலகையைப் பார்த்து, "இது திருஷ்டிக்குங்களா?" என்று கேட்டார். "அந்த மாதிரிதாங்கக்கா" என்றாய். அந்த மாதம் நீ சிரித்தது அப்போது மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

வண்டி அடிக்கடி நின்றது. சும்மா சும்மா நின்றது. காட்டுக்காரர்கள் சலித்துக்கொண்டார்கள். இப்படி நிற்பதற்கு ஆளை வைத்தே அடித்திருக்கலாம் என்றார்கள். நானும் உன்னோடு வாதம் செய்தேன். "நிக்கட்டும்டி. நின்னா போய்ப் பாக்கலாம்ல" என்பாய். போய்ப் பார்ப்பாய், ஒவ்வொரு முறையும். பெரும்பாலும் ஒரு பலகையை இலை மறைத்திருக்கும். இலையை ஒதுக்கிவிட்டு வருவாய். உன் முன்கையில் சோள இலை அறுத்த கோடுகள் ஆறுவதற்குள் புதுக்கோடுகள் வந்துவிடும்.

பிறகு அந்தக் காய்ச்சல். பொங்கலுக்கு முந்தின வாரம். முதலில் தலைவலி என்றாய். மூன்றாம் நாள் பேச்சு குழறியது. திருச்சிக்குக் கொண்டு போனார்கள். காய்ச்சல் மூளைக்கு ஏறியிருக்கிறது என்றார்கள். நான் வந்தபோது நீ கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். என்னைப் பார்த்ததும், "எங்க இருக்கேன்?" என்று கேட்டாய். திருச்சியில், ஆஸ்பத்திரியில் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தாய். "யாரு சொன்னா?" என்றாய்.

உன் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் ஜன்னல் திரையை ஒதுக்கினேன். தூரத்தில் மலைக்கோட்டை தெரிந்தது. பார் என்று காட்டினேன். நீ நெடுநேரம் பார்த்தாய். பிறகு தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாய். அன்று அந்தத் திரையை மூட நான் யாரையும் விடவில்லை. விழிக்கும்போதெல்லாம் உன் கண் முதலில் ஜன்னலுக்குத்தான் போனது.

அடுத்த நாள் காலை காய்ச்சல் இறங்கியிருந்தது. கட்டில் பக்கத்துத் திரையில் எல்லா எண்களும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. டாக்டர் பார்த்துவிட்டு முன்னேற்றம் இருக்கிறது என்றார். அவர் சொன்னது உண்மைதான். அப்போது அப்படித்தான் இருந்தது. உன் அம்மா என்னை ஊருக்குப் போய்க் குளித்து, மாற்றுத்துணி எடுத்து வரச் சொன்னார். நீயும் போயிட்டு வா என்பதுபோல் விரலை அசைத்தாய். பஸ் சமயபுரம் தாண்டியபோது போன் வந்தது. வலிப்பு வந்ததாம். நான் திரும்பி வந்து சேர்ந்தபோது கட்டில் பக்கத்துத் திரையை அணைத்துவிட்டிருந்தார்கள். யார் தவறும் இல்லை என்று எனக்குத் தெரியும். இப்படியும் நடக்கும் என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். எனக்குப் புரியவும் செய்தது. புரிந்ததால் பயம் குறைந்துவிடவில்லை.

அன்றிலிருந்து எனக்கு எல்லாம் சரியாக இருக்கும்போதுதான் பயம் வருகிறது. யாராவது போனில், "இங்க எல்லாரும் நல்லா இருக்கோம்" என்றால் உடனே பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட வேண்டும் போல இருக்கிறது.

இன்று காலைக்கு வருகிறேன். நாங்கள் பலகைகளை மாட்டினோம். ஸ்டாண்டின் கால்களைச் சுற்றிச் சுண்ணாம்புத்தூளால் கோடு போட்டேன். யார் தொட்டாலும் தெரிந்துவிடும். இந்தக் காட்டிலும் கிணறு உண்டு. இதற்கும் சுவர் கிடையாது. அதைச் சுற்றிக் கயிறு கட்டி, பழனிவேல் அண்ணனின் மைத்துனர் வீட்டிலிருந்து யாரும் அந்தப் பக்கம் வர வேண்டாம் என்று சொல்லி வைத்தேன். வண்டியை விட்டோம். தொட்டியில் இன்று மருந்து இருந்தது. சோளத்துக்குள் நுழைந்ததும் அதன் முதுகு மறைந்தது. நீளக் கம்பும் அதன் உச்சியில் கேமராவும் மட்டும் பூக்களுக்கு மேலே மிதந்து போயின. பிறகு சரிவில் இறங்கியதும் அவையும் மறைந்தன.

"வானம், சக்கரம், பலகை மூணும் ஒண்ணாத்தான்க்கா காட்டுது. பச்சை" என்றாள் கௌசல்யா.

காத்திருந்தேன். புள்ளி போனது, திரும்பியது, அடுத்த வரிசையில் வந்தது. ஒருமுறைகூட நிற்கவில்லை. வட்டம் ஒருமுறைகூடப் பெரிதாகவில்லை. எனக்கு வியர்த்தது. உட்கார முடியவில்லை. பொத்தானைக் கௌசல்யாவிடம் கொடுத்து, நான் கூப்பிட்டால் உடனே அழுத்து என்று சொல்லிவிட்டு முகமூடி போட்டுக்கொண்டேன். எதற்கு என்று அவள் கேட்டாள். எல்லாம் சரியாத்தானே இருக்கு என்றாள். அதனால்தான் போகிறேன் என்று சொல்லவில்லை. பாத்துட்டு வரேன் என்று மட்டும் சொன்னேன்.

சோளத்துக்குள் காலை வைத்ததும் எல்லாம் அப்படியே வந்தது. இலை, பூத்தூள், எந்தப் பக்கமும் ஒரே பச்சை. மோட்டார் சத்தம் ஒருமுறை இடப்பக்கம் கேட்டது, அடுத்த நொடி வலப்பக்கம் கேட்பது போல இருந்தது. நின்று காதைக் கூர்மையாக்கினேன். தட்டை ஒடியும் சத்தம் இருக்கிறதா என்று கேட்டேன். என் மூச்சுதான் முகமூடிக்குள் இரைந்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு கிணற்றோரமாகப் போனேன். கால் வைக்கும் முன் ஒவ்வொரு முறையும் தரையை அழுத்திப் பார்த்தேன். கிணற்றுக்கும் வரிசைகளுக்கும் நடுவில் நின்றேன். அங்கேதான் நிற்க வேண்டும் என்று தோன்றியது. திரும்பிவிடலாம் என்று பலமுறை நினைத்தேன்.

வண்டி வந்தது. எந்த வரிசையில் வரும் என்று திரை சொன்னதோ அந்த வரிசையில் வந்தது. என்னைப் பார்த்ததும் நின்றது. இப்போது அதற்கு இலையையும் ஆளையும் பிரித்துப் பார்க்கத் தெரியும். நீ ஆரம்பித்து வைத்த வேலை, கௌசல்யா முடித்தாள். நான் ஒதுங்கி வழி விட்டேன். அது திரும்பி அடுத்த வரிசையில் போய்விட்டது. ஒன்றும் நடக்கவில்லை. நான் அந்த ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போதுதான் போன் அடித்தது. உன் அம்மா. சோளக்காட்டுக்குப் போகிறேன் என்று நேற்று அவரிடம் சொல்லியிருந்தேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்று இரவெல்லாம் தோன்றியது. இப்போதுதான் ஒரு பாடம் நடத்தி முடித்தேன், ஸ்கூலில் இடைவேளை, அதனால் கூப்பிட்டேன் என்றார். காட்டைவிட்டு வெளியே வந்துவிட்டாயா என்று கேட்டார். இல்லை, உள்ளேதான் இருக்கிறேன் என்றேன்.

"பயமா இருக்காம்மா?"

"இருக்குங்கம்மா."

எல்லோரும் சொல்வது போல, பயப்படாதே, ஒன்றும் ஆகாது என்று அவர் சொல்லவில்லை. "சரி. பயந்துக்கிட்டே பாத்து வா" என்றார்.

நீ எனக்கு விட்டுப்போனது இந்தப் பயத்தைத்தான். முதலில் அது பாரமாக இருந்தது. இப்போதும் பாரம்தான். ஆனால் எல்லாம் பச்சை காட்டும்போது எழுந்து உள்ளே போய்ப் பார்க்கிற கால் அதிலிருந்துதான் வருகிறது. கால் நடுங்கத்தான் செய்கிறது.

முகமூடியைச் சரிசெய்துகொண்டு எழுந்தேன். போனைக் காதில் வைத்தபடியே கயிற்றைப் பிடித்து, தரையை அழுத்திப் பார்த்து, ஒவ்வொரு எட்டாக நடந்தேன். அவர் போனை வைக்கவில்லை. ஸ்கூல் மணி அடித்தது, பிள்ளைகள் வகுப்புக்கு ஓடும் சத்தம் கேட்டது, பிறகு அதுவும் அடங்கியது. நான் வரப்பில் ஏறி, "வந்துட்டேங்கம்மா" என்று சொல்லும்வரை அந்தப் பக்கம் அவருடைய மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.